ஈரல் பேசிய செவ்வாய்க்கிழமைகள்

“ஈரலுக்கு வாய் இருந்தா, அது உன்கிட்ட முதல்ல என்ன சொல்லும்னு நினைக்க?”

டாக்டர் எபனேசர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எங்கள் உப்பளத்துக் காலனியின் சுகாதார நிலையத்தில், பெஞ்சின் ஓரத்தில் நான் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளங்கையில் அரிசிக் குருணை போல ஒன்று மின்னியது.

நான் பதில் சொல்லவில்லை. வாய் இருந்தும் பேசாதவள் நான். வகுப்பில் ‘சந்தனம்’ என்று பேர் கூப்பிடும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்ல நாக்கு எழும்பாமல், வந்த நாளெல்லாம் வராத நாளாகப் பதிவாகி, ஒன்பதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். பக்கத்தில் இருந்த என் அத்தை இசக்கியம்மாள்தான் எனக்கும் சேர்த்துப் பேசினாள்.

“இவ ஈரலும் இவள மாதிரிதான் தம்பி இருக்கும். ஒங்க பேட்டரிதான் வீணாப் போவும்.”

அத்தை கணித்தது தப்பு.

விலாவுக்குக் கீழே ஓர் ஊசி. குருணை உள்ளே போய் ஈரலின் பக்கத்தில் குடியேறியது. கழுத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். தெருவில் மற்றவர்களுக்கும் இதேதான். ஈரலுக்குள் என்ன வருகிறது, என்ன போகிறது, எது அதைச் சுடுகிறது என்பதைக் குருணை மோப்பம் பிடிக்கும். பெட்டி அதைப் பேச்சாக்கிச் சொல்லும். ஒரு வாரம் வீட்டுப் பேச்சைக் கேட்டு, அந்த வீட்டு மொழியிலேயே பேசப் பழகிக்கொள்ளும்.

“பொய் சொல்லுமா?” என்று கேட்டாள் அத்தை.

“ஈரலுக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா. அதுக்கு மூளை வேணும்.”

ஒரு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை, தெருவே கூடியிருந்தபோது என் பெட்டி முதன்முதலாக வாயைத் திறந்தது.

“யப்பா! ஒரு வழியா என்னையக் கேக்கவும் ஆளு வந்தாச்சு. காலையில ஒரு இட்லி. மத்தியானம் வரை பட்டினி. பொறவு யாருக்கும் தெரியாம ஒரு பொட்டலம் எண்ணெ முறுக்கு. இது குடும்பமா, சத்திரமா?”

தெரு சிரித்தது. நான் துப்பட்டாவால் பெட்டியைப் பொத்தினேன். துப்பட்டாவுக்குள்ளிருந்தும் பேசியது.

இத்தனை ஏற்பாடும் உவர்மல்லிக்காக. உப்பளத்து வரப்பில் படரும் கொடி அது. வெள்ளையாய்ப் பூக்கும், மணக்காது. மழை கூடிய வருடத்தில் முடக்குச் சுரம் என்று ஒரு காய்ச்சல் வந்து எங்கள் பக்கம் பாதிப் பேரின் முட்டிகளைப் பூட்டிவிட்டுப் போனது. உவர்மல்லிக் கசாயம் குடித்தவர்களுக்குப் பூட்டு திறந்தது என்று பேச்சு. பேச்சு பரவி, பட்டணத்தில் யாரோ பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். பாட்டில் குடித்தவர்களில் சிலருக்குக் கண் மஞ்சளித்தது. உடனே ஒரு கூட்டம் “தடை செய்” என்றது. இன்னொரு கூட்டம் “எங்கள் மூலிகை மேல் கை வைக்காதே” என்றது. கொடிக்கு நல்லது கெட்டது தெரியாதபடியால் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது.

அத்தைக்கு இது விளையாட்டு இல்லை. அவள் உப்பு வாருகிறவள். முட்டி மடங்காவிட்டால் வரப்பு ஏற முடியாது. பாத்தியில் இறங்க முடியாது. சுரம் வந்த பிறகு எட்டு மாதம் சுவரைப் பிடித்து நடந்தவள், உவர்மல்லி குடித்துத்தான் அளத்துக்குத் திரும்பினாள். அதை நிறுத்தினால் மறுபடியும் சுவர்தான் என்று அவள் நம்பினாள்.

“என் முட்டியத் தடை செய்யதுக்கு எவனுக்குய்யா அதிகாரம்?” என்று டாக்டரிடமே கேட்டாள்.

“தடை செய்ய வரலக்கா. தெரிஞ்சுக்க வந்திருக்கேன். நல்லது செய்யுதா, கெடுதல் செய்யுதா, யாருக்கு எவ்வளவுன்னு.”

அவர் இருவகைப் பொட்டலங்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் உவர்மல்லித் தூள். மற்றதில் அதே நிறத்தில், அதே கசப்பு ஏற்றிய வெறும் புல்தூள். யாருக்கு எது என்று குடிக்கிறவருக்கும் தெரியாது. கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. விவரம் ஒரு ஒட்டிய உறைக்குள் இருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் பெரியம்மா தெருவைக் கூட்டினாள். காலனியில் எந்த நியாயமும் அவள் வாசலில்தான் தீரும்.

“ஒரே தெருவுல பாதிக்கு மருந்து, பாதிக்குப் புல்லா? கோயில் கொடையில பாதி எலைக்குச் சோறும் பாதி எலைக்கு உமியும் வைப்பமா? இது என்ன நாயம்?”

“டாக்டர் அப்படித்தானே சொன்னாரு” என்றார் அவள் புருஷன் ஆறுமுகநயினார்.

“அவரு பாளையங்கோட்டைக்காரரு. அவருக்கு நம்ம தெருவத் தெரியுமா? நீரு பேசாம அண்டாவத் தூக்கிட்டு வாரும்.”

அம்மன் கோயில் அண்டா வந்தது. எல்லாப் பொட்டலங்களும் அதற்குள் கொட்டப்பட்டன. காய்ச்சல் காலத்தில் தெருவுக்கே கசாயம் காய்ச்சி ஊற்றுகிற கை அது. அளவு தவறாமல் தினமும் ஆளுக்கு ஒரு தம்ளர் வந்தது. இருந்ததைப் பகிர்ந்து குடித்த திருப்தியில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளில் டாக்டரின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

“எல்லா ஈரலும் ஒரே பாட்டைப் பாடுதே! ‘கொஞ்சம் வந்துச்சு, கொஞ்சம் சுட்டுச்சு’ன்னு. இப்படி நடக்கவே நடக்காது.”

தெரு விட்டத்தைப் பார்த்தது. என் பெட்டிதான் பேசியது.

“கசாயத்துல ஈயப்பூச்சு வாடை வருதே. கொடைக்குச் சாம்பாரு வச்ச அண்டாவுல வந்ததே, அதே பூச்சு.”

டாக்டர் மெல்லத் திரும்பித் தங்கபுஷ்பம் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“அண்டாவா?” என்றார் டாக்டர். “எல்லாத்தையும் ஒண்ணா?”

“பின்ன? பிரிச்சா குடிக்க முடியும்?”

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தோம். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, “பெரியம்மா, எல்லாரும் ஒரே மாதிரி குடிச்சா, எது யாரைக் குணமாக்குச்சு, எது யாரைக் கெடுத்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?” என்றார்.

“கொணமாச்சுன்னா போதாதா? கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறீரு?”

“பட்டணத்துல கண்ணு மஞ்சளிச்ச ஒருத்தி உங்கள மாதிரிதான் சொன்னா. ஆஸ்பத்திரியில இருந்து அவ திரும்பல.”

அண்டா கோயிலுக்குத் திரும்பியது.

ஆனாலும் புல்லைக் குடிக்கிற பாதியாக இருக்க யாருக்கும் மனம் இல்லை. கடைசியில் டாக்டர்தான் தெருக்குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “தண்ணிக்கு முறை வைக்கீங்கல்லா? அது மாதிரி இதுக்கும் வைப்போம். முதல் முறை பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் புல்லு. கொஞ்ச நாள் ஓய்வு. ரெண்டாவது முறையில மாத்திக்கலாம். எல்லாருக்கும் ரெண்டும் கிடைக்கும். எது எப்போன்னு மட்டும் தெரியாது.”

முறை என்ற சொல் தெருவுக்குப் பிடித்தது. முறை என்றால் ஏமாற்று இல்லை.

இந்த முறை டாக்டர் பெட்டிகளுக்கும் ஒரு பூட்டுப் போட்டார். ஈரல் மற்ற எதைப் பற்றியும் பேசலாம். தூளைப் பற்றிப் பேச வாயெடுத்தால் ‘டிங்’ என்று மணி மட்டும் அடிக்கும். ஆபத்து வந்தால் சிவப்பு விளக்கு எரியும். எல்லாம் முடிந்த பிறகுதான் பூட்டு திறக்கும்.

தூளைத் தவிர மற்றதெல்லாம் என்பது எங்கள் தெருவுக்குப் போதுமானதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பெண்களுக்குத் திருநாள், ஆண்களுக்குக் கண்டம். திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்த ஆறுமுகநயினார் ஒரு செவ்வாயன்று கழுத்தில் மாலையும் பெட்டியுமாக வந்து உட்கார்ந்தார்.

“நேத்து மறுபடியும் ஊத்திட்டாரு” என்றது அவர் ஈரல்.

“இருமல் மருந்துட்டி!” என்று அலறினார் பெண்டாட்டியிடம். “ரெண்டு மூடி. சத்தியமா இருமல் மருந்து.”

“இருமல் மருந்துக்கு எதுக்கு நயினாரே நார்த்தங்கா ஊறுகா?” என்றது ஈரல்.

தங்கபுஷ்பம் பெரியம்மா மாலையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டாள். முருகனுக்கு எதற்குச் சங்கடம் என்றாள். செய்தி காலனியைத் தாண்டிப் போனது. பக்கத்து ஊரில் பெண்வீட்டார், மாப்பிள்ளையின் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஈரல்கிட்ட ரெண்டு வார்த்த பேச முடியுமா?” என்று கேட்டார்களாம். பட்டணத்துக் கம்பெனி ஒன்று வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் குருணை வைக்கலாமா என்று டாக்டருக்குப் போன் செய்தது. அவர் போனை அணைத்துவிட்டு வெகுநேரம் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு முதல் முறை பொற்காலம். கசப்பைக் கண்ணை மூடிக் குடிப்பாள்; சப்புக்கொட்டுவாள். முட்டி நாளுக்கு நாள் இளகியது. பாத்தியில் குனிந்து உப்பு வாரினாள். வீட்டுக்குள் நுழைந்த ஆட்டைத் தெருமுனை வரை ஓட்டிவிட்டு, மூச்சு வாங்காமல் திரும்பினாள்.

“இதாம்ட்டி அசல்” என்றாள் என்னிடம். “நாக்குலயே தெரியுதுல்லா. டாக்டருக்கு எதுக்கு உறை? எங்கிட்டக் கேட்டா நான் சொல்ல மாட்டனா?”

இரண்டாவது முறை வந்தது. முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளித்தாள். “புல்லு. சுத்தப் புல்லு.” முட்டி மறுபடியும் பூட்டத் தொடங்கியது. வரப்பை மாடிப்படியைப் போலப் பார்த்து நின்றாள். நடுவில் ஒரு நாள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. டாக்டர் ஓடி வந்து தூளை நிறுத்தினார்.

“பாத்தீரா? புல்லக் குடுத்து ஈரலையும் கெடுத்துட்டீரு” என்று சண்டைக்குப் போனாள் அத்தை. “சீக்கிரம் முடிச்சிட்டு எனக்கு அசலத் தாரும்.”

எல்லோருக்கும் முறை முடிந்தது. சுகாதார நிலையத்தில் தம்ளர் கழுவுவது என் வேலை. நான் இருக்கிறேன் என்பதை மறந்துவிடுவது மனிதர்களின் வழக்கம். டாக்டர் உறையைப் பிரித்து, திரையில் எதையெதையோ சேர்த்துப் பார்த்து, தனக்குத்தானே பேசினார்.

“கடவுளே. இசக்கியக்காவுக்கு முதல் முறை புல்லா?”

கையிலிருந்த தம்ளர் நழுவியது. அவர் திரும்பினார். நான் நின்றிருந்தேன்.

பிறகு, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பது போல அவர் சொல்லத் தொடங்கினார்.

“உவர்மல்லி மோசமில்ல சந்தனம். கொஞ்சம் பேருக்கு வீக்கம் குறையுது. நிஜமாவே. ஆனா வேற கொஞ்சம் பேருக்கு அது ஈரலைச் சுடுது. யாருக்குச் சுடும்னு சோதிச்சுப் பாத்துட்டுத்தான் குடுக்கணும். அப்படித்தான் எழுதப் போறேன். ஒங்க அத்தைக்கு அது சுடுது. நல்லாவே சுடுது. முட்டிக்கு ஒண்ணும் செய்யல. அவங்களக் குணப்படுத்துனது புல்லு.”

“புல்லு எப்படி?” என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதே பிறகுதான் எனக்கு உறைத்தது.

“புல்லு இல்ல. அசலைக் குடிக்கோம்ங்கிற நம்பிக்கை. நம்பி நடந்தாங்க, நடந்ததுல முட்டி இளகுச்சு. ரெண்டாவது முறை ஏமாத்துதாங்கன்னு நினைச்சு உக்காந்துட்டாங்க. பூட்டிருச்சு.” அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். “சட்டப்படி ஆளாளுக்கு அவங்க முடிவைச் சொல்லணும். சொன்னா நம்பிக்கை போவும், முட்டியும் போவும். சொல்லாம விட்டா வரப்புல பறிச்சுக் குடிப்பாங்க, ஈரல் போவும்.”

“இதுக்கா இவ்வளவு யோசன?” வாசலில் தங்கபுஷ்பம் பெரியம்மாவின் குரல். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. “அந்தப் புல்லையே பொட்டலங் கட்டி, ‘கெடுதல எடுத்த உவர்மல்லி’ன்னு குடும். காலத்துக்கும் குடிச்சிட்டு நடப்பா.”

“பொய்யா? நானா?”

“கழுத்துல பெட்டி கெடந்தா ஈரல் காட்டிக் குடுத்துரும். மொதல்ல பெட்டிய வாங்கி வச்சிரும். பொறவு நீரும் நானும் இந்த ஊமச்சியும்தான். இவ சொல்லவா போறா?”

டாக்டர் சன்னல் வழியே உப்புக் குவியல்களைப் பார்த்தார். உண்மையைத் தேடி இவ்வளவு தூரம் வந்தவர். “பெட்டிகளை முதல்ல வாங்கிருவோம்” என்று கடைசியில் சொன்னார். அதைச் சொல்லும்போது எங்கள் இருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

அன்று வீட்டில் அத்தை குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“உறையப் பிரிச்சாராமே டாக்டரு? நீ அங்கதான இருந்த? மொத முறைதான அசலு?”

நான் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை. யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் என் கழுத்தில் பெட்டி இருந்தது.

“எனக்குப் படபடன்னு வருது” என்றது என் ஈரல். “எவனோ அரிவாளோட தொரத்துத மாதிரி உத்தரவு வருது, சக்கரைய அள்ளி அள்ளி ரத்தத்துல விடுதேன். இங்க ஓடவும் இல்ல, சண்டையும் இல்ல. இவ சும்மா நின்னு தண்ணி குடிக்கா. எதுக்குட்டி இவ்வளவு பயம்?”

அத்தையின் கை புளிக்குள் நின்றது.

“ஏட்டி. என்னத்த மறைக்க?”

நான் தலையை ஆட்டினேன்.

“இன்னும் கொஞ்சம் விட்டாச்சு” என்றது ஈரல்.

அத்தை அதற்கு மேல் என்னிடம் கேட்கவில்லை. கையைக் கழுவினாள். அன்று குழம்பில் உப்பு இல்லை.

கடைசிச் செவ்வாய்க்கிழமை. மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி வைத்து, கழுத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கிக்கொண்டிருந்தார் டாக்டர். முதலில் என்னுடையதை வாங்கினார். கழுத்து லேசாகி, உலகம் திடீரென்று அமைதியானது. ஆறுமுகநயினார் தன் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஜெயிலிலிருந்து வந்தவர் போல மூச்சு விட்டார்.

அத்தை சுவரைப் பிடித்து வந்து நாற்காலியில் அமர்ந்தாள்.

“குடுங்கக்கா” என்று கை நீட்டினார் டாக்டர். “உங்களுக்குப் புதுசா ஒரு தூள் வச்சிருக்கேன். கெடுதல் எல்லாம் எடுத்தது.”

அத்தை பெட்டியைக் கையால் மூடிக்கொண்டாள்.

“பூட்டத் தெறயும் தம்பி.”

“எதுக்குக்கா? பெட்டி வேலை முடிஞ்சிருச்சே.”

“தெறயும்.”

“மதினி, அவரு சொல்லுததக் கேளு” என்று எழுந்தாள் தங்கபுஷ்பம் பெரியம்மா. “பெட்டியக் கழத்திக் குடுத்துட்டு வா, காப்பி போட்டு வச்சிருக்கேன்.”

“நீ ஒரு நாளும் எனக்குக் காப்பி போட்டதில்லையே, தங்கபுஷ்பம்.” அத்தை அவளைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு டாக்டரிடம்: “எனக்குள்ள இருக்கு. எஞ் சோத்தத் திங்கு. எங்கிட்டப் பேசுததுக்கு அது ஒங்கள்ட்ட அனுமதி வாங்கணுமா?”

டாக்டர் பெரியம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்தார். பெட்டியில் ‘டிங்’ என்று ஒரு மணி அடித்து ஓய்ந்தது.

“சொல்லு” என்றாள் அத்தை, குனிந்து தன் நெஞ்சைப் பார்த்து. “மொத முறையில என்ன வந்துச்சு?”

“புல்லு” என்றது அவள் ஈரல், அவள் குரலின் சாயலிலேயே. “வெறும் கசப்புப் புல்லு, இசக்கி. நான் சொகமாக் கெடந்தேன். அப்படி ஒரு ஓய்வு எனக்கு வாச்சதில்ல.”

“ரெண்டாவது?”

“அதுலதான் உவர்மல்லி வந்துச்சு. முன்ன நீ வரப்புல பறிச்சுக் குடிச்சதே, அதே சாமான். என்னையப் போட்டு வறுத்துச்சு. நான் கத்துனேன், மணிதான் அடிச்சுது.”

வெளியே லாரி ஒன்று உப்பேற்றிக்கொண்டு போனது.

“அப்ப எம் முட்டி?” அத்தையின் குரல் இறங்கியிருந்தது. “முட்டிய யாரு தெறந்தா?”

“முட்டியப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் ஈரலு.”

யாரும் சிரிக்கவில்லை.

அத்தை கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் போடவில்லை. டாக்டருக்கு முன்னால் மேசையில் வைத்தாள். பக்கத்தில் அவர் தயாராக வைத்திருந்த புதுப் பொட்டலம். அதை எடுத்துப் பிரித்தாள். மோந்து பார்த்தாள். மறுபடி மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“அக்கா, நான் உங்க நல்லதுக்குத்தான்…” என்றார் டாக்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். எட்டு மாதம் அவள் சுவர் பிடித்து நடந்தபோது மறுபக்கம் பிடித்துக்கொண்டவள் நான். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கழுத்திலும் ஒன்றும் இல்லை, எனக்காகச் சொல்ல.

அத்தை நாற்காலியின் கைப்பிடியைத் தொடாமல் எழுந்தாள். நாங்கள் எல்லோரும், வெட்கமில்லாமல், அவள் முட்டிகளையே பார்த்தோம். வாசலில் சுவர் இருந்தது. அதன் பக்கம் அவள் போகவில்லை. படிகளில் இறங்கினாள். வலது முட்டி மடங்கியது, நிமிர்ந்தது. இடது முட்டி மடங்கியது, நிமிர்ந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரிடமும் ஒரு சொல் பேசாமல், அளத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்து போனாள்.